ஒரு லிட்டருக்கு ஐயாயிரம் கொட்டை

டின் மூடியைத் திறந்ததும் மில்காரர் முதலில் மோந்து பார்ப்பார். உளுந்து வடை வாசம் என்றால் பரவாயில்லை. மீன் வறுத்த வாசம் என்றால் முகம் சுளிப்பார். பிறகு ஆள்காட்டி விரலைத் தோய்த்துக் கட்டைவிரலோடு தேய்ப்பார்; பிசுபிசுவென்று ஒட்டினால் அந்த எண்ணெய் நிறைய நாள் அடுப்பில் கிடந்திருக்கிறது. இதெல்லாம் வெள்ளோட்டம்தான். தீர்ப்பு ஜன்னலோரம் இருக்கும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில். ஊசியில்லாத சிரிஞ்சில் சரியாக ஒரு மில்லி எண்ணெய் எடுத்து, பத்து மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைக்கிறார். பினாப்தலீன் இரண்டு சொட்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்து வைத்திருக்கும் கரைசலை இன்னொரு சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே பாட்டிலை ஆட்டுகிறார். ரோஸ் நிறம் வருகிறது, மறைகிறது. மறுபடி ஒரு சொட்டு. மறுபடியும் மறைகிறது. நிறம் வந்து, பத்து எண்ணும்வரை நின்றுவிட்டால் சிரிஞ்சில் அளவு பார்க்கிறார். மூன்று மில்லி. “தேறும்” என்கிறார். ஆறைத் தாண்டினால் டின் மூலைக்குப் போகும்.

மில் இருப்பது தேவாரம் என்ற ஊரில். வெளியூர்க்காரர்களுக்குத் தேவாரம் என்றால் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகச் சர்ச்சைதான் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது தென்னை, மா, நிலக்கடலை, இலவம். மேற்கே தலைக்கு மேல் நிற்கும் ஏலமலை. போடிநாயக்கனூரிலிருந்து கோம்பை, உத்தமபாளையம் போகும் வழியில் இருக்கிறது ஊர். சாக்குலூத்து மெட்டு வழியாக நடந்தே மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பாதையைச் சாலையாக்கித் தரச் சொல்லிக் கேட்டே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. இந்த ஊரில்தான் மில்காரரின் அப்பா ஆறு போல்ட் எக்ஸ்பெல்லர் ஒன்றைப் போட்டார். கடலை ஆட்டும் மில்லாகத்தான் தொடங்கியது. சாப்பிட முடியாத எண்ணெய்க்கு மாறியது இலவத்தால்.

மாசி, பங்குனியில் மலையடிவாரத்து இலவ மரங்களில் காய் முற்றி ஓடு பழுப்பேறும். தொரட்டி போட்டு இழுத்து, களத்தில் காயவைத்து, ஓட்டை உடைத்தால் பஞ்சு. பருத்தியில் பஞ்சு கொட்டையின் மேலேயே முளைக்கிறது. அதைப் பிரிக்க ஜின்னிங் மெஷின் வேண்டும். இலவத்தில் பஞ்சு முளைப்பது ஓட்டின் உட்சுவரில். கொட்டை பஞ்சோடு ஒட்டாமல் உள்ளே சும்மா கிடக்கும். குச்சியால் அடித்தாலே உதிர்ந்துவிடும். பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் போய்விட, மிளகுபோல் கறுத்த கொட்டை களத்து ஓரம் குவியும். அதற்கென்று யாரும் நடவில்லை, யாரும் பொறுக்கவில்லை, யாருக்கும் தனிக்கூலி இல்லை. பஞ்சுக்குக் கொடுத்த கூலியிலேயே அதுவும் வந்து சேர்ந்துவிட்டது. இலவு காத்த கிளிக்குத்தான் ஏமாற்றம், எக்ஸ்பெல்லருக்கு இல்லை.

அந்தக் கொட்டையில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு எண்ணெய். எக்ஸ்பெல்லர் அதையும் முழுதாக எடுத்துவிடாது; கொஞ்சம் புண்ணாக்கிலேயே தங்கும். எண்ணெய் சோப்புக்குப் போனது, புண்ணாக்கு மாட்டுக்குப் போனது. ஒருநாள் அடுத்த தெரு அம்மா ஒருவர் நாலு முட்டையைத் துணியில் முடிந்துகொண்டு மில்லுக்கே வந்துவிட்டார்.

“ஏப்பா, ஒங்க புண்ணாக்கத்தான் கோழிக்கு வச்சேன். ஒடச்சுப் பாரு. வெள்ளக்கரு ரோஸ் கலர்ல இருக்கு. இத எங்கிட்டுக் கொண்டுபோயி விக்க?”

உடைத்தார். ரோஸ்தான். நாலுக்கு எட்டு முட்டைக் காசாகக் கொடுத்து அனுப்பினார். காரணம் புரிந்தது பல வருடம் கழித்து. இலவங்கொட்டை எண்ணெயில் ஸ்டெர்குலிக், மால்வாலிக் என்று இரண்டு கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவை கோழியின் உடம்பில் சேர்ந்தால், முட்டையை வைத்திருக்க வைத்திருக்க மஞ்சள்கருவிலிருக்கும் இரும்புச்சத்து வெள்ளைக்கருவுக்குக் கசிந்து நிறம் ஏற்றிவிடும். பருத்திக்கொட்டைக்கும் இதே சேட்டை உண்டு. எல்லா எண்ணெயும் வயிற்றுக்கானது இல்லை என்பதை அவருக்கு முதலில் காட்டியவை அந்த நாலு முட்டைகள்.

வேலிச் செடிக்கு ராஜமரியாதை

2002 டிசம்பர் 31 அன்று டெல்லி – அமிர்தசரஸ் சதாப்தி ரயில் ஐந்து சதவீதம் பயோடீசல் கலந்து ஓடியது. அடுத்த ஆண்டு மத்தியத் திட்டக்குழு அமைத்த குழு அறிக்கை கொடுத்தது: 2011–12-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு பயோடீசலாக வேண்டும், அதற்கு ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நட வேண்டும். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைகளில் அந்தச் செடியைப் பற்றிப் பேசினார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடந்தது. ஒப்பந்தச் சாகுபடி என்று கம்பெனிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் வந்தன.

காட்டாமணக்கு தேவாரத்துக்குப் புதிதில்லை. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலியில் நிற்கிற செடி. தண்டைக் கிள்ளி, அதன் பாலில் ஊதிக் குமிழி விடாத பிள்ளைகள் கிடையாது. கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. அந்த வேலிச் செடிக்குத் திடீரென்று ராஜமரியாதை.

மில்காரரும் மூன்று ஏக்கர் மானாவாரியில் நட்டார். கன்று கொடுத்த கம்பெனி, கொட்டையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வறண்ட நிலத்திலும் வளரும் என்றார்கள், வளர்ந்தது. வறண்ட நிலத்திலும் காய்த்துக் கொட்டும் என்று தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கேட்டவர்கள் அப்படியே காதில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் பச்சைப் பசேலென்று இலை. மூன்றாம் வருடம் செடிக்குச் செடி எண்ணிவிடலாம் போலக் காய். தண்ணீர் பாய்ச்சிய ஒரு வரிசை மட்டும் நன்றாகக் காய்த்தது. தண்ணீர் பாய்ச்சுகிற நிலத்தில் காட்டாமணக்கு எதற்கு? தென்னை வைத்துவிட்டுப் போகலாமே.

அதையும் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவரை உட்காரவைத்தது பறிப்பு. காட்டாமணக்கில் ஒரே குலையில் ஒரு காய் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கருத்து உலர்ந்தது. நெல் மாதிரி ஒரே நாளில் அறுத்துக் கட்ட முடியாது. ஒரே செடிக்கு வாரா வாரம் போக வேண்டும். ஒரு காய்க்குள் மூன்று கொட்டை. பறித்து, ஓடு நீக்கி, காயவைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒருவரை நாள் கூலிக்கு அழைத்து, சாயங்காலம் தராசில் போட்டுப் பார்த்தார். காய்ந்த கணக்கில் ஒன்பது கிலோ.

அன்றிரவு ஒரு கிலோவைத் தரையில் பரப்பி, நூறு நூறாகக் குவித்து எண்ணினார். ஆயிரத்து ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. எக்ஸ்பெல்லரில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை முதல் நாலு கிலோ கொட்டை வேண்டும். அதாவது லிட்டருக்கு ஐயாயிரம் கொட்டைக்கு மேல், ஒவ்வொன்றும் மனிதக் கை பட்டு வந்தது. நாலு கிலோ என்றால் ஒரு பெண்ணின் ஏறக்குறைய அரை நாள் உழைப்பு. அரை நாள் கூலியையும் அன்றைய டீசல் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். மின்சாரம், மெத்தனால், மில் தேய்மானம் எதையும் அவர் இன்னும் கூட்டவே இல்லை.

மத்திய அரசு 2005 அக்டோபரில் பயோடீசல் கொள்முதல் கொள்கையை அறிவித்தது. 2006 ஜனவரி முதல் லிட்டருக்கு 25 ரூபாய். அந்த விலைக்குக் கொடுக்க ஆள் இல்லை. மேலே மலையில் ஏலக்காய் எடுக்கப் போனால் அதைவிட நல்ல கூலி. ஜீப் விடிகாலையிலேயே தெருமுனைக்கு வந்து நிற்கும். வெயிலில் நின்று காட்டாமணக்குப் பறிக்க யார் வருவார்கள்? கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் பயிரிட்டவர்களை நேரில் பார்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. எதிர்பார்த்த விளைச்சலுக்கும் வந்த விளைச்சலுக்கும் இடையே பெரும் பள்ளம், விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதே அதன் சாரம். தேவாரத்தில் அதற்கு முன்பே செடியைப் பிடுங்கி வேலியோரம் எறிந்தாயிற்று. கொட்டையை வாங்க வருவதாகச் சொன்ன கம்பெனியின் ஜீப் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காட்டாமணக்கு ஒரேயடியாகத் தோற்றுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று பறந்தது. அதன் எரிபொருளில் கால் பங்கு, டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்தது. கொட்டை சத்தீஸ்கர் விவசாயிகளிடமிருந்து வந்தது. செய்தியை டிவியில் பார்த்த மில்காரர் முதலில் கேட்டது ஒன்றுதான்: “பொறுக்குனவங்களுக்கு என்ன கூலி குடுத்தாங்களாம்?”

தொழிலில் அவர் கற்ற பாடம் மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எரிபொருள் லாபமா நஷ்டமா என்பது உலையில் முடிவாவதில்லை. சாக்கு நிரம்பும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. தானாகக் களத்துக்கு வந்து சேரும் கழிவா, தேடிப்போய்ப் பொறுக்க வேண்டிய விதையா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டிக் காட்டியவர். அதைக் கேள்விப்பட்டு மில்காரரும் புங்கங்கொட்டை வாங்கிப் பார்த்தார். வீட்டு வாசல் மரத்தடியில் கூட்டிப் பெருக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் வாங்கியவரை கட்டுப்படியானது. ஆள் வைத்துப் பொறுக்கிய அன்றே கணக்கு உதைத்தது.

உலையில் நடப்பது

ஆட்டிய எண்ணெயை அப்படியே இன்ஜினில் ஊற்றினால் என்ன? பயோடீசல் பற்றிப் பேசும் எவரும் ருடால்ஃப் டீசல் கடலை எண்ணெயில் இன்ஜின் ஓட்டிய கதையில் தொடங்குவார்கள். 1893 ஆகஸ்ட் 10 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் முதன்முதலாகப் பற்றவைத்துச் சோதிக்கப்பட்டது. அந்தத் தேதிதான் இன்று உலக உயிரி எரிபொருள் நாள். ஆனால் கடலை எண்ணெயில் ஓடியது அன்றைக்கு இல்லை. 1900-இல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனி கொண்டுவந்து வைத்த சிறிய இன்ஜின் அது.

மில்காரரும் வீட்டுக் கிணற்றடியில் இருந்த பழைய கிர்லோஸ்கர் இன்ஜினில் பார்த்தார். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் வடிகட்டிய இலவ எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி டீசல். ஓடியது. இரண்டு மாதம் கழித்து நாசிலைக் கழற்றினால் நுனியில் காப்பிக்கொட்டை அளவு கரி. காரணம் எளிது: எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டி. புகைபோலச் சிதற வேண்டியது தாரையாக விழுகிறது. முழுதும் எரியாமல் கரியாகிறது. அதோடு இன்னொரு விஷயமும் உறைத்தது. தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். கரன்ட் சும்மா வரும்போது எந்த விவசாயி இலவ எண்ணெய் வாங்கிக் கிணற்றில் ஊற்றுவான்?

ஆகவே எண்ணெயை மெலியவைக்க வேண்டும். எண்ணெய் என்பது ஒரு கிளிசரின் தலையில் மூன்று கொழுப்பு அமிலச் சடை தொங்கும் பொருள். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் மூன்று சடையும் தலையை விட்டுக் கழன்று, ஆளுக்கொரு மெத்தனாலைப் பிடித்துக்கொள்ளும். கழன்ற சடைதான் பயோடீசல், தலை கிளிசரின். நூறு லிட்டர் எண்ணெய்க்கு இருபது லிட்டர் மெத்தனால். சூடு ஐம்பத்தைந்து, அறுபது டிகிரிக்குள். அறுபத்தைந்தை நெருங்கினால் மெத்தனால் ஆவியாகப் போய்விடும். ஒரு மணி நேரம் கலக்கி, ராத்திரி அப்படியே விட்டால் காலையில் அடியில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் கிளிசரின், மேலே தேன் நிறத்தில் பயோடீசல். கீழ் வால்வைத் திறந்து பாகை வடித்துவிட்டு, மேலே நிற்பதைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். முதல் தண்ணீர் கஞ்சி போல வரும். தெளியும்வரை அலசி, ஈரம் போகச் சூடாக்க வேண்டும். தேறியதா என்று பார்க்க ஒரு கைவைத்தியம் உண்டு: இருபத்தேழு மில்லி மெத்தனாலில் மூன்று மில்லியை விட்டு ஆட்டினால் முழுக்கக் கரைய வேண்டும். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அலுவல்பூர்வமான தரத்துக்கு ஐ.எஸ். 15607 என்று தனி அளவுகோலே இருக்கிறது.

காஸ்டிக் சோடா எவ்வளவு? இங்குதான் அந்த ரோஸ் நிறச் சோதனை. நல்ல எண்ணெய்க்கு லிட்டருக்கு மூன்றரை கிராம். அதற்கு மேல், சிரிஞ்சில் எத்தனை மில்லி இறங்கியதோ அத்தனை கிராம். மூன்று மில்லி என்றால் ஆறரை கிராம். நூறு லிட்டருக்கு அறுநூற்றைம்பது கிராம். பழைய எண்ணெயில் கழன்று திரியும் அமிலம் சோடாவைத் தின்றுவிடும், தின்றதெல்லாம் சோப்பாகும். முதல் தடவை மில்காரர் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. போன வருடத்து இலவ எண்ணெய், ஈரச் சாக்கில் கிடந்த கொட்டை. இருநூறு லிட்டர் டிரம்மில் காலையில் மத்தைப் போட்டால் மத்து நின்றது, விழவில்லை. டிரம் முழுக்கச் சவ்வரிசிப் பாயசம். எட்டிப் பார்த்த மனைவி சொன்னது: “நல்லதாப் போச்சு. ஒரு வருசத்துக்கு பாத்திரம் வெளக்க சோப்பு வாங்க வேணாம்.” உண்மையிலேயே வாங்கவில்லை.

செய்முறையைவிடக் கஷ்டம் ஊராரின் சந்தேகம். 1996-இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து கிளம்பிய மூலிகை பெட்ரோல் செய்தி டெல்லிவரை போய், விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த சோதனையில் நிற்காமல் போனது. அதற்குப் பிறகு தென் தமிழ்நாட்டில் யார் செடியிலிருந்து எரிபொருள் என்றாலும் கேட்பவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். “என்ன மாமா, மூலிகைய எப்ப போடுவீங்க?” என்று டீக்கடையில் பையன்கள் கேட்பார்கள். தண்ணீரில் தழை போட்டால் பெட்ரோல் வராது, எண்ணெயிலிருந்துதான் எண்ணெய் வரும் என்று விளக்கிச் சொல்லிச் சொல்லி, பிறகு அவர் சிரித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

போலீஸுக்குச் சந்தேகம் வேறு. மெத்தனால் விஷம். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். வந்தது, செலவானது, மீதி எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். எரிந்தால் அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை டிரம் ஓரம் வெறும் காற்று நெளிவதைப் பார்த்துத்தான் தீப்பிடித்திருப்பது தெரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். முழங்கை ரோமம் மட்டும் போனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் அவர் தன் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. தூக்கம்தான் வரவில்லை. மகன்கள் இருவரும் ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: “போதும்ப்பா.” உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது எண்ணெயைச் சேர்த்து, சோதித்து, அனுமதி பெற்ற ஆலைக்கு டேங்கரில் அனுப்புவதோடு சரி.

வடைச்சட்டி

கொட்டையை விட்டு அவர் வடைச்சட்டிக்கு வந்தது 2018-க்குப் பிறகு. அந்த ஆண்டு வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் ஐந்து சதவீதம் பயோடீசல் என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டது. பழைய இருபது சதவீதக் கனவுக்கு நடைமுறையில் ஒரு சதவீதம்கூட வந்திருக்கவில்லை. காட்டாமணக்கோடு, பொரித்து மிஞ்சிய எண்ணெயும் பயோடீசல் மூலப்பொருள் பட்டியலில் ஏறியது. ஜூலை முதல், எண்ணெயில் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் துருவச் சேர்மங்கள் இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக் கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. நாளைக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும் என்பது அதையடுத்து வந்தது.

தேவாரத்திலும் போடியிலும் ஐம்பது லிட்டர் செலவாகும் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலும் ஒற்றை அடுப்பு. அங்கே மிஞ்சும் எண்ணெய் சாக்கடைக்குப் போவது குறைவு. பெரிய ஹோட்டலின் எண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கித் தள்ளுவண்டியில் மறுபடி பொரிப்பவர் இருக்கிறார். மில்காரரின் போட்டியாளர் டீசல் பங்க் இல்லை, அந்தத் தள்ளுவண்டிதான். அதைவிட இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால்தான் டின் இவர் பக்கம் திரும்பும். ஆனாலும் இந்தக் கணக்கு நிற்கிறது. ஐயாயிரம் தடவை குனிய வேண்டியதில்லை. ஒரு டின்னுக்கு ஒரு தடவை குனிந்தால் போதும். அந்த எண்ணெயைக் கடைத்தெருவே தனக்காகப் பொறுக்கி வைத்திருக்கிறது.

மில்காரர் தானே பயோடீசல் காய்ச்சிய காலத்தில் நடந்த ஒன்றை இன்றும் ஜீப் டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு மார்கழி விடியற்காலை, ஏலத்தோட்டம் ஒன்றுக்கு வேப்பம்புண்ணாக்கு மூட்டைகளோடு தன் ஜீப்பில் போடிமெட்டுக்குக் கிளம்பினார். டேங்கில் பாதிக்கு மேல் தன் சரக்கு. அடிவாரத்து முந்தலில் வண்டி பறந்தது. கொண்டை ஊசி வளைவுகள் பதினேழில் பாதி தாண்டியதும் இருமத் தொடங்கியது. மேலே போகப் போக மூச்சு வாங்கி, மேகம் இறங்கிக் கிடந்த ஒரு வளைவில் நின்றேவிட்டது. வழியில் ஏறியிருந்த தோட்டத் தொழிலாளிப் பெண்கள் நாலு பேர் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். பில்டரைக் கழற்றிக் கையில் ஊற்றினால், உள்ளே வெள்ளையாக மெழுகு.

“நெய்யு ஒறஞ்ச மாதிரி ஒறஞ்சுருச்சேண்ணே! வெந்நி ஊத்துங்க” என்றார் ஒரு பெரியம்மா.

அவர் சொன்னதுதான் வைத்தியம். பிளாஸ்க்கில் இருந்த டீயையே பில்டர் மேல் ஊற்றினார்கள். வடைக்கடையில் ஓடுவது பாமாயில். அதிலிருந்து வரும் பயோடீசல் பதினைந்து டிகிரியை ஒட்டியே கலங்க ஆரம்பித்துவிடும். அடிவாரத்து வெயிலில் தெரியாத குணம் மெட்டில் தெரிந்தது. அதற்குப் பின் மலை ஏறும் வண்டிக்குப் பத்தில் ஒரு பங்குதான் கலப்பு. இன்னொன்றும் படித்துக்கொண்டார்: பயோடீசல் நல்ல அழுக்கெடுப்பான். பழைய டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த கசடையெல்லாம் கிளப்பிவிடும். முதல் இரண்டு டேங்குக்குள் பில்டர் அடைக்கும். ரப்பர் ஹோஸ் ஊறி இளகும். மாற்று பில்டரும் ஒரு முழம் ஹோஸும் இல்லாமல் அவர் ஜீப் எடுத்ததில்லை.

ஸ்டோருக்கு விறகு

மலைக்குப் போய்வந்ததில் வேறொரு தொழில் கண்ணில் பட்டது. பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. உலர்த்துவது ஸ்டோரில், கீழே உலையில் விறகு எரியும், தகரக் குழாய்கள் வழியாகச் சூடு அறைக்குள் சுற்றும், மேலே தட்டுகளில் காய். ஐம்பது டிகிரியை ஒட்டிய நிதானச் சூட்டில் ஒரு பகல் ஒரு ராத்திரி. குழாயில் பொத்தல் விழுந்து புகை கசிந்தால் காயில் வாசம் ஏறிவிடும், பச்சை நிறம் மங்கிவிடும். போடியிலோ புத்தடியிலோ மின்னணு ஏலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் வியாபாரி, கையில் உள்ள சாம்பிளை ஒருமுறை மோந்துவிட்டு விலையைக் குறைத்துவிடுவார். ஸ்டோர்க்காரருக்கு வேண்டியது புகையாமல், ஒரே சீராக எரியும் விறகு. காட்டு மரத்தை இனி வெட்டவும் முடியாது.

மில் கொல்லையில் மலைபோல் கிடந்தது இலவ ஓடு. கடலைத் தோல், மரத்தூள், தென்னைக் கழிவு எல்லாம் ஊரில் உண்டு. உலர்த்தி, பொடித்து, பிரஸ்ஸில் அடித்தால் கட்டை விறகு. பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தும்போது எழும் சூட்டில் தூளிலுள்ள லிக்னின் இளகித் தானே ஒட்டிக்கொள்ளும். ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் கட்டை பட்டாசு மாதிரி வெடித்து உதிரும். இலவ ஓட்டை மட்டும் அடித்துக் கொடுத்த முதல் லோடு திரும்பி வந்தது: சாம்பல் அதிகம், உலைக்கம்பியில் கிட்டமாகப் பிடிக்கிறது என்று. மரத்தூளையும் கடலைத் தோலையும் சரிபாதிக்கு மேல் கலந்ததும் புகார் நின்றது.

விறகும் கரியும் உலைக்கு மட்டுமில்லை; கரியில் வண்டி ஓட்டுவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனாகிப்போனபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலம் தயாரித்தது. பஸ்ஸில் பொருத்திய அடுப்பில் கரி புகைந்து, அந்தப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு இன்ஜினுக்குப் போகும். மில்காரரின் தாத்தா அதில் பயணம் செய்தவர். வண்டி கிளம்புவதற்கு முன் கிளீனர் அரை மணி நேரம் துருத்தி சுற்றுவார், ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள் என்று சொல்லுவாராம். மெட்டில் ஜீப் நின்ற அன்று அந்தப் பெண்கள் இறங்கித் தள்ளியபோது மில்காரருக்குத் தாத்தா ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது மில்லில் மூன்று வரத்து. பங்குனியில் இலவங்கொட்டை, வருடம் முழுக்க இலவ ஓடும் மரத்தூளும், தினமும் சாயங்காலம் எண்ணெய் டின். போன வாரம் டின் ஒன்றோடு வந்தவர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் பெண். சிரிஞ்ச் ஐந்தரையில் நிற்க, மில்காரர் விலையில் மூன்று ரூபாய் பிடித்தார். அந்தப் பெண் விடவில்லை.

“நீங்களே ஊத்தி நீங்களே சொன்னா எப்புடிண்ணே? குடுங்க, நான் ஊத்துறேன்.”

கொடுத்தார். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டார். நிறம் வந்தது, மறைந்தது. வந்தது, மறைந்தது. ஐந்தைத் தாண்டியதும் கொஞ்சம் நின்றது. ஐந்தரையில் தங்கிவிட்டது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“எங்கம்மா ஒங்க மில்லுக்குக் கொண்டாந்த முட்ட கலரு இதுதானாண்ணே?”

மில்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னைக்கி நாலுக்கு எட்டு முட்டைக் காசு குடுத்தீங்களாம்ல. இன்னைக்கி மூணு ரூவா பிடிக்கிறீங்க.”

அவர் நோட்டை எடுத்து, எழுதியிருந்த விலையை அடித்துவிட்டு, ஒன்றரை ரூபாய் கூட்டி எழுதினார்.